சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

சிங்கப்பூரில் வசிக்கும் ஒருவர், நியூயார்க்கில் படிக்கும் மகளைப் பார்க்கச் செல்லத் திட்டமிடும்போது எழுந்த ஐயங்களைக் கேட்டிருக்கிறார். இரு நகரங்களுக்கும் இடையிலான தூரம் ஓரிடத்தில் 15,300 கிலோமீட்டர் என்றும் வேறோரிடத்தில் 16,700 கிலோமீட்டர் என்றும் போடப்பட்டிருக்கிறதே, இவற்றுள் எது சரி? மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு ஏன் 18 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது? மற்ற வழித்தடங்களில் போவதற்கும் வருவதற்கும் ஒரு மணி நேரமாவது வேறுபாடு இருக்கும்போது, இந்தத் தடத்தில் மட்டும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பது எப்படி? இடையில் நின்று செல்வதைவிட நேரே செல்வது நல்லதா?

முதலில் சுருக்கமான விடை. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்குப் பூமியின் பரப்பில் மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 15,349 கிலோமீட்டர். ஹட்சன் ஆற்றுக்கு அப்பால் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் உள்ள நெவார்க் விமான நிலையத்துக்கு 15,344 கிலோமீட்டர். இடையில் எங்கும் நிற்காத விமானத்துக்குக் கால அட்டவணையில் ஏறத்தாழ 18 மணி 40 நிமிடம் ஒதுக்கப்படுகிறது. பருவத்தைப் பொறுத்து இது சில நிமிடங்கள் கூடும், குறையும். ஆனால் அந்த 15,349 கிலோமீட்டர் கோட்டின் மீது இந்த விமானம் பறப்பதில்லை. நீங்கள் கேட்ட மற்ற கேள்விகளுக்கான விடையெல்லாம் இந்த ஒரு செய்தியிலிருந்தே கிளைக்கிறது.

தூரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பார்ப்போம். உலக உருண்டை ஒன்றை எடுத்து, சிங்கப்பூரின் மீதும் நியூயார்க்கின் மீதும் விரல் வைத்து, இடையில் ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் அது எந்த வழியே செல்கிறதோ அதுவே மிகக் குறுகிய பாதை. புவியியலில் இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும், கென்னடி விமான நிலையம் மேற்குத் தீர்க்கரேகை 74 பாகையிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 178 பாகை. அதாவது பூமியின் ஒரு பக்கத்தில் சிங்கப்பூர் என்றால் நேர் மறுபக்கத்துத் தீர்க்கரேகையில் நியூயார்க். ஆகவே நூல் கிழக்கேயும் ஓடாது, மேற்கேயும் ஓடாது; நேர் வடக்கே ஓடும். சிங்கப்பூரிலிருந்து தாய்லாந்து, லாவோஸ், சீனாவின் மேற்குப் பகுதி, மங்கோலியா ஆகியவற்றைக் கடந்து, பைக்கால் ஏரிக்கு மேற்கே சைபீரியாவுக்குள் நுழைந்து, வட துருவத்துக்கு 300 கிலோமீட்டருக்குள் வந்து, மறுபக்கம் இறங்கி, பாஃபின் குடா, கனடாவின் கியூபெக் வழியாக நியூயார்க்கை அடையும். சுவரில் மாட்டும் உலக வரைபடத்தை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கோடு நம்ப முடியாததாகத் தோன்றும். அந்த வரைபடங்களில் துருவப் பகுதி அகலமாக இழுக்கப்பட்டிருப்பதும், பசிபிக் பெருங்கடல் இரண்டாக வெட்டப்பட்டிருப்பதுமே அதற்குக் காரணம்.

15,349 என்ற எண்ணிலேயே சில கணிப்பான்கள் பத்து, பதினைந்து கிலோமீட்டர் வேறுபடும். பூமி முழு உருண்டை அன்று. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357 கிலோமீட்டர். உருண்டை என்று கொண்டு கணக்கிடுபவருக்கு ஓர் எண்ணும், தட்டையான வடிவத்தைக் கணக்கில் எடுப்பவருக்கு வேறோர் எண்ணும் கிடைக்கும். கடல் மைலில் தரப்பட்டிருந்தால் அது 8,288 ஆக இருக்கும். தரை மைலில் 9,537. இந்தச் சிறு வேறுபாடுகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 16,700 என்ற எண்தான் வேறு வகையைச் சேர்ந்தது. 2018-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நெவார்க் சேவையை மீண்டும் தொடங்கியபோது, ஏறத்தாழ 16,700 கிலோமீட்டர், அதிகபட்சம் 18 மணி 45 நிமிடம் என்று அறிவித்தது. அது விமானம் உண்மையில் பறக்கக் கூடிய பாதையின் நீளம். இரண்டு எண்களும் சரியானவை; ஒன்று நிலத்தின் அளவு, மற்றொன்று பயணத்தின் அளவு.

அப்படியானால் 1,300 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிப் போவது ஏன்? துருவப் பாதையில் சிக்கல்கள் பல. அதன் நடுப்பகுதி முழுவதும் ரஷ்ய வான்வெளி. 2000-களின் தொடக்கத்தில் துருவ வழித்தடங்கள் முறையாகத் திறக்கப்பட்ட பிறகு வட அமெரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் இடையே பல விமானங்கள் அவ்வழியே பறந்தன. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் பல நாடுகளின் விமானங்களுக்கு அந்த வான்வெளி மூடப்பட்டது, வேறு பல நிறுவனங்கள் தாமாகவே அதைத் தவிர்க்கத் தொடங்கின. துருவத்தை ஒட்டிய உயர்வானில் வெளிக்காற்றின் வெப்பநிலை மைனஸ் 60 பாகை செல்சியசுக்கும் கீழே போகக்கூடும் என்பதும் கருதத் தக்கது. உலகின் பெரும்பகுதியில் கிடைக்கும் ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 பாகையில் உறையத் தொடங்கும். அமெரிக்காவில் நிரப்பப்படும் ஜெட் ஏ வகையோ மைனஸ் 40 பாகையிலேயே உறையும். இறக்கையில் உள்ள எரிபொருளின் வெப்பநிலையை விமானிகள் தொடர்ந்து கண்காணித்து, தேவையானால் உயரத்தைக் குறைக்கவோ வேகத்தைக் கூட்டவோ வேண்டியிருக்கும். அவசரம் என்றால் இறங்குவதற்கு ஏற்ற விமான நிலையங்களும் அங்கே குறைவு.

இருந்தாலும் இவற்றையெல்லாம் விட வலிய காரணம் ஒன்று உண்டு. அது காற்று.

வடகோளத்தில் ஏறத்தாழ 30 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் அதே 10, 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிக் குறுகலான ஒரு பெருங்காற்று ஓயாமல் ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் இந்தக் காற்றின் வேகம் குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது வழக்கம். ஜப்பானுக்குக் கிழக்கே 300 கிலோமீட்டரைத் தாண்டும் நாட்களும் உண்டு. உலகிலேயே மிக வலுவாக அது வீசும் இடங்களில் ஜப்பானும் அதை ஒட்டிய பசிபிக் பகுதியும் முதன்மையானவை. அதை முதலில் அளந்தவரும் ஜப்பானியரே. வாசாபுரோ ஓயிஷி என்ற வானிலை அறிஞர் 1920-களில் தாதெனோ ஆய்வு நிலையத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு அவை அடித்துச் செல்லப்படும் வேகத்தைப் பின்தொடர்ந்து கணக்கிட்டார். முடிவுகளை உலகம் படிக்க வேண்டும் என்று, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அந்த மொழியைப் படித்தவர்கள் மிகக் குறைவு என்பதால் அவருடைய கண்டுபிடிப்பு நெடுங்காலம் வெளியே தெரியவில்லை. இன்று சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குச் செல்லும் விமானம் அன்று அவர் அளந்த அதே காற்றில்தான் ஏறிக்கொள்கிறது.

காற்று எவ்வளவு உதவுகிறது என்பதை ஒரு கணக்கின் மூலம் பார்க்கலாம். ஏர்பஸ் ஏ350 விமானம் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு வேகத்தில் பறக்கிறது. அந்த உயரத்தின் குளிரில் அது மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர். ஆனால் அது சுற்றியுள்ள காற்றைச் சார்ந்த வேகம். காற்றே 80 கிலோமீட்டர் வேகத்தில் அதே திசையில் ஓடினால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு விமானம் 980 கிலோமீட்டர் வேகத்தில் போகும். எதிர்த்து ஓடினால் 820 கிலோமீட்டர் வேகம்தான். காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டு 15,349 கிலோமீட்டர் துருவப் பாதையைக் கடக்க 17 மணி நேரம் ஆகும். பசிபிக் வழியாக 16,700 கிலோமீட்டர் சுற்றிப் போனாலும், வழி நெடுகச் சராசரியாக 80 கிலோமீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ளினால் அதே 17 மணி நேரம்தான் ஆகும். 1,300 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் ஒரு நிமிடமும் கூடவில்லை. இதே பசிபிக் பாதையில் அதே காற்றை எதிர்த்துத் திரும்பி வந்தால் 20 மணி நேரத்தையும் தாண்டிவிடும். ஆகவே வழி தேர்ந்தெடுப்பவர்கள் கிலோமீட்டரைக் குறைக்க முயல்வதில்லை. நேரத்தையும் எரிபொருளையும்தான் குறைக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் காற்றின் முன்னறிவிப்பைப் பார்த்து, அன்றைக்கு உகந்த பாதை புதிதாக வகுக்கப்படுகிறது. நேற்றைய பாதையும் இன்றைய பாதையும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விலகியிருப்பது இயல்பு.

இதற்கு இடம் கொடுப்பது இந்த இரு நகரங்களின் இருப்பிடமே. சிங்கப்பூருக்கு நேர் எதிர்ப்புள்ளி ஈக்வடார் நாட்டின் கிழக்குக் காடுகளில் விழுகிறது. அந்தப் புள்ளியிலிருந்து ஏறத்தாழ நேர் வடக்கே நியூயார்க் இருக்கிறது. பூமியில் இரண்டு இடங்களுக்கு இடையே இருக்கக்கூடிய அதிகபட்ச தூரம் 20,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நம் தூரம் அதில் முக்கால் பங்குக்கும் அதிகம். இவ்வளவு விலகி நிற்கும் இரண்டு இடங்களுக்கு இடையே எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் தூரம் பெரிதாகக் கூடுவதில்லை. சிங்கப்பூரிலிருந்து டோக்கியோ 5,350 கிலோமீட்டர், டோக்கியோவிலிருந்து நியூயார்க் 10,830 கிலோமீட்டர். கூட்டினால் ஏறத்தாழ 16,200. மறுபக்கமாக, சிங்கப்பூரிலிருந்து ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் 10,280 கிலோமீட்டர், அங்கிருந்து நியூயார்க் 6,190 கிலோமீட்டர். கூட்டினால் ஏறத்தாழ 16,470. டோக்கியோவும் ஃபிராங்க்ஃபர்ட்டும் உலகின் இரு வேறு மூலைகளில் இருக்கின்றன. ஆனாலும் இரண்டில் எதன் வழியாகப் போனாலும் குறுகிய பாதையைவிட ஐந்து முதல் ஏழு விழுக்காடுதான் கூடுகிறது. இந்த வழித்தடத்தைப் பற்றி எனக்கு மிகவும் வியப்பளிக்கும் செய்தி இதுதான்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கான விடையும் இங்கேயே இருக்கிறது. லண்டனிலிருந்து நியூயார்க் போவதற்கு ஏறத்தாழ 8 மணி நேரம், திரும்புவதற்கு 7 மணி நேரம். போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. வேறு வழியில் திரும்ப முடியாது. சிங்கப்பூர்–நியூயார்க் தடத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், ஜப்பான் பக்கமாக ஏறி, வட பசிபிக்கைக் கடந்து, அலாஸ்கா அல்லது கனடா வழியாகக் கிழக்கு நோக்கியே சென்று நியூயார்க்கில் இறங்குகிறது. நியூயார்க்கிலிருந்து திரும்பும் விமானமும் பெரும்பாலும் கிழக்கு நோக்கியே கிளம்புகிறது: அட்லாண்டிக்கைத் தாண்டி, ஐரோப்பாவின் மீது பறந்து, மேற்கு ஆசியா அல்லது மத்திய ஆசியா வழியாக இந்தியாவின் பக்கம் இறங்கி, வங்காள விரிகுடாவைக் கடந்து சிங்கப்பூரை அடைகிறது. இரண்டு முறையும் பின்காற்று. போய்விட்டு வருகிறவர் பூமியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தவர் ஆகிறார். காற்றின் நிலையோ ஏதேனும் ஒரு வட்டாரத்தின் வான்வெளித் தடையோ மாறினால் இந்த வழக்கமும் சில நாட்களில் மாறும்; குறிப்பாக மேற்கு ஆசியாவில் பதற்றம் ஏற்படும்போது திரும்பும் பாதை மிகவும் வளையும்.

17 மணி நேரக் கணக்கு எப்படி 18 மணி 40 நிமிடமாக ஆனது என்ற ஐயம் எழலாம். பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரம், விமானம் வாயிலை விட்டு நகரும் கணத்திலிருந்து மறுமுனையில் வாயிலில் நிற்கும் கணம் வரையிலானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பின் மீண்டும் ஊர்வது எல்லாம் அதில் அடங்கும். கென்னடி போன்ற நெரிசலான நிலையத்தில் இதற்கே அரை மணி நேரம் போய்விடும். மேலேறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் இருக்காது. காற்று மோசமாக உள்ள நாட்களுக்கும் சேர்த்து நிறுவனம் சற்றுத் தாராளமாகவே நேரம் ஒதுக்கும். வானில் இருக்கும் நேரம் மட்டும் என்று பார்த்தால் பெரும்பாலும் 18 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். 2018 அக்டோபர் 11 அன்று இரவு சாங்கியிலிருந்து கிளம்பிய முதல் ஏ350 விமானம் 18 மணி நேரத்துக்கும் குறைவாகவே எடுத்துக்கொண்டு, குறித்த நேரத்துக்கு முன்பே நெவார்க்கில் இறங்கியது.

இந்தத் தூரத்தை ஒரே மூச்சில் கடப்பது எளிதாகக் கைகூடவில்லை. 2004 ஜூன் மாதம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நெவார்க்குக்கு முதன்முதலாக இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோது நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 விமானத்தைப் பயன்படுத்தியது. எரிபொருள் விலை ஏற ஏற, 2008-இல் இருக்கைகளைக் குறைத்து நூறு வணிக வகுப்பு இருக்கைகள் மட்டும் கொண்டதாக மாற்றியும் கட்டுப்படியாகாமல், 2013 நவம்பரில் சேவை நிறுத்தப்பட்டது. ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு இரண்டே எஞ்சின் கொண்ட ஏ350-900 யு.எல்.ஆர். (மிக நெடுந்தூரம் பறப்பதற்கான வகை) விமானம் வந்த பின்னரே அது மீண்டும் சாத்தியமானது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 நவம்பரில் கென்னடி விமான நிலையத்துக்கும் நேரடிச் சேவை தொடங்கியது. நெவார்க் சேவை 2022-இல் திரும்பியது. கென்னடிக்குச் செல்லும் விமானத்தின் எண் எஸ்.க்யூ. 24, திரும்புவது எஸ்.க்யூ. 23, நெவார்க்குக்கு முறையே 22, 21.

யு.எல்.ஆர். வகை விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அதன் எடை மட்டும் 130 டன்னுக்கு மேல். விமானம் மேலெழும்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடையான 280 டன்னில் ஏறத்தாழப் பாதி. முதல் சில மணி நேரங்களில் எரியும் எரிபொருளில் கணிசமான பங்கு, கடைசி மணி நேரங்களுக்கான எரிபொருளைச் சுமப்பதற்கே செலவாகிறது. தூரம் கூடக் கூட ஆளையும் சரக்கையும் குறைத்தாக வேண்டும் என்பது இதனால்தான். அதே நிறுவனத்தின் வழக்கமான நெடுந்தூர ஏ350 விமானத்தில் 253 பேர் அமரலாம். இந்த வகையில் 161 பேர் மட்டுமே, அதுவும் 67 வணிக வகுப்பு, 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பு இதில் இல்லை. கட்டணம் கூடுதலாக இருப்பதன் காரணமும் அதுவே. இந்தப் பயணத்தில் நான்கு விமானிகள் முறைவைத்து ஓய்வெடுத்து ஓட்டுகிறார்கள்.

இனி நேரே செல்வதா, நின்று செல்வதா என்ற கேள்வி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸே ஃபிராங்க்ஃபர்ட் வழியாக நியூயார்க்குக்கு ஒரு விமானத்தை இயக்குகிறது. மொத்தம் ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். ஆனால் சாதாரண எகானமி இருக்கை கிடைக்கும், நடுவில் இறங்கிக் கால்வீசி நடக்கவும் முடியும். நேரே செல்வதால் மிச்சமாவது நான்கைந்து மணி நேரம். முதியவர்கள், நடப்பதற்குச் சிரமப்படுபவர்கள், நள்ளிரவில் வேற்று நாட்டு விமான நிலையத்தில் அலைய அஞ்சுபவர்கள் ஆகியோருக்கு நேரே செல்வதையே பரிந்துரைப்பேன். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எழுந்து நடக்க வேண்டும். காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் தொல்லை முன்பு இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் 18 மணி நேரப் பயணத்தை முடிவு செய்யக் கூடாது. செலவைப் பார்ப்பவர்களுக்கு நின்று செல்வதே ஏற்றது.

சென்னையிலிருந்து உறவினர்களும் உடன் வர விரும்பினால் அவர்களைச் சிங்கப்பூருக்கு வரவழைத்து அழைத்துச் செல்வது தூரத்தின் கண்கொண்டு பார்த்தால் பொருத்தமன்று. சென்னையிலிருந்து நியூயார்க் ஏறத்தாழ 13,480 கிலோமீட்டர்தான். துபாய் வழியாகச் சென்றால் 14,000 கிலோமீட்டருக்குள் முடியும். சிங்கப்பூர் வழியாகச் சென்றால் 18,200 கிலோமீட்டரைத் தாண்டும். அவர்கள் மேற்கே கிளம்பி நியூயார்க்கில் உங்களைச் சந்திப்பதே நல்லது.

கடைசியாக, நாட்கணக்கு. சிங்கப்பூர் கடிகாரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முந்தியது. நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி நேரமும், மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பரின் முதல் ஞாயிறு வரை 4 மணி நேரமும் பிந்தியது. ஆகவே இரு நகரங்களுக்கும் இடையே குளிர்காலத்தில் 13 மணி நேரமும் கோடையில் 12 மணி நேரமும் வேறுபாடு. ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை இரவு 11.30 மணிக்குச் சாங்கியிலிருந்து கிளம்பினால், 18 மணி 40 நிமிடம் பறந்த பிறகு சிங்கப்பூரில் செவ்வாய் மாலை 6.10 ஆகியிருக்கும், நியூயார்க்கில் அப்போதுதான் செவ்வாய் அதிகாலை 5.10. பகல் முழுவதும் கையில் இருக்கும், ஆனால் விடுதி அறை பிற்பகலில்தான் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கணக்கு மறுபக்கம் சாயும். புதன்கிழமை இரவு 10.30 மணிக்கு நியூயார்க்கிலிருந்து கிளம்பும் விமானம் சிங்கப்பூரில் வெள்ளிக்கிழமை காலை 6.10 மணிக்கு இறங்கும். வியாழக்கிழமை முழுவதும் வானிலேயே கழிந்துவிடும். அலுவலகத்துக்கு விடுப்புக் கடிதம் எழுதும்போது திரும்பும் பயணத்துக்கு இரண்டு தேதிகளைக் கணக்கில் சேர்த்தே எழுதுங்கள்.